மலை எது, காடு எது, ஆக்கிரமிப்பாளர் யார்?

ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 128 குன்றுகளில் 31 குன்றுகளைக் காணவில்லை என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மலைகளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு மக்கள் என்ன அனுமனாகிவிட்டார்களா என்று நீதிபதிகள் கேட்டனர். அவை சட்டவிரோதக் கல்குவாரிகளால் கரைந்துபோன குன்றுகள். அவற்றை அகற்ற வெடிமருந்தும் லாரிகளும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. 2025 நவம்பர் 20ஆம் தேதி, இவை எதுவும் இல்லாமலேயே நூற்றுக்கணக்கான குன்றுகள் தம் பெயரை இழந்தன. ஒரு வரையறை அதைச் செய்து முடித்தது.

குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியாணா வழியாகத் தலைநகரின் விளிம்புவரை ஏறத்தாழ 700 கிலோ மீட்டர் நீளும் அரவல்லி, உலகின் மிகப் பழமையான மலைத்தொடர்களில் ஒன்று. முதுமை காரணமாகவே தேய்ந்து குறுகியிருப்பது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகச் செயலர் தலைமையிலான குழு, இந்த மலைக்கு ஓர் அளவுகோலைப் பரிந்துரைத்தது. சுற்றியுள்ள தரைமட்டத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நின்றால்தான் அது அரவல்லிக் குன்று. அத்தகைய இரு குன்றுகள் 500 மீட்டர் இடைவெளிக்குள் அமைந்திருந்தால் அது அரவல்லித் தொடர். அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. 99 மீட்டர் உயரமுள்ள குன்று என்னவாகும் என்ற கேள்விக்கு அந்த வரையறையில் விடை இருந்தது: அது அரவல்லி ஆகாது. இந்திய வன அளவை நிறுவனம் 2010-இல் கையாண்ட அளவுகோல் வேறு. அது உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. 3 டிகிரி சரிவையும் குன்றின் அடிவாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தூசிப் புயலைத் தடுப்பதிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதிலும் தாழ்ந்த குன்றுகளுக்கும் பாறைமேடுகளுக்கும் பங்கு உண்டு என்பது தில்லியில் கோடைக்காலத்தைக் கழித்த எவருக்கும் விளக்கத் தேவையற்றது.

எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சகம் ஒரு புள்ளிவிவரத்தை முன்வைத்தது. அரவல்லியின் மொத்தப் பரப்பான 1.44 லட்சம் சதுர கிலோ மீட்டரில் 0.19 விழுக்காட்டில் மட்டுமே சுரங்கத்துக்கு இடமிருக்கிறதாம். தமிழகத்தின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம் சதுர கிலோ மீட்டர்தான். தமிழகத்தைவிடப் பெரியதொரு மலை வட இந்தியாவில் எங்கே இருக்கிறது என்று வாசகர் வியக்கலாம். அரவல்லி ஓடும் மாவட்டங்களின் வயல், ஊர், நகரம், சாலை அனைத்தையும் சேர்த்தால்தான் அந்த எண் கிடைக்கும். மலை எது என்று தீர்மானிக்கும்போது குன்றை 100 மீட்டருக்குச் சுருக்கியவர்கள், பாதிப்பைக் கணக்கிடும்போது அதே மலையை மாவட்டம் மாவட்டமாக விரித்துவிட்டார்கள். 2025 டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தன் நவம்பர் உத்தரவைத் தானே நிறுத்திவைத்து, வல்லுநர் குழு ஒன்று இதை மீண்டும் ஆராய வேண்டும் என்று கூறியது. நிறுத்திவைக்கப்பட்டது அந்த உத்தரவு மட்டுமே. ஒரு நிலத்தின் பெயரை மாற்றி அதன் விதியை மாற்றும் வழக்கம் அரவல்லியில் நெடுங்காலமாக இருந்துவருவது.

ஹரியாணாவின் வருவாய்ப் பதிவேடுகளைப் புரட்டினால் இது விளங்கும். குருகிராம், ஃபரீதாபாத் மாவட்டங்களின் அரவல்லிச் சரிவுகள் அவற்றில் 'கைர் மும்கின் பஹார்' என்று எழுதப்பட்டன. பயிரிட இயலாத மலை என்பது அதன் பொருள். வரி வாங்க வந்த அதிகாரி, இந்த நிலத்திலிருந்து வரி வராது என்று குறித்துக்கொண்ட சொல் அது. அங்கே மரம் இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, எந்த ஊர் ஆடுமாடுகள் மேய்கின்றன என்பதெல்லாம் அவருடைய வேலையில் சேராதவை. குருகிராமுக்கும் ஃபரீதாபாதுக்கும் இடையே உள்ள மாங்கர் பனி, சுற்றியுள்ள ஊர்களின் குஜ்ஜர் மக்கள் சாமி பெயரால் தலைமுறை தலைமுறையாகக் கிளை ஒடிக்காமல் காத்துவந்த கோயிற்காடு. பதிவேட்டில் அதுவும் பயிரிட இயலாத மலையே. பதிவேட்டில் காடு என்ற சொல் இல்லாததால் அது காடு இல்லை என்று பின்னாளில் வாதிடுவதற்கு அந்த ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது.

இந்த மலைகளுக்குச் சொந்தக்காரர் யார் என்பது அடுத்த கேள்வி. 'ஷாம்லாத்' எனப்படும் ஊர்ப் பொதுநிலமாக இருந்த இச்சரிவுகள், 1970-80களில் பல ஊர்களில் பங்கு பிரிக்கப்பட்டன. பங்கு, ஊரில் ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களுக்கு, அவரவர் நில அளவின் விகிதப்படி கிடைத்தது. அதே மலையில் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் பிழைத்த நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பங்குகள் தில்லியின் முதலீட்டாளர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் கைமாறின. எனவே, அரவல்லியைக் காடு என்று அறிவிப்பது தனியார் சொத்துரிமையில் கைவைப்பதாகும் என்று இன்று வாதிடுவோர், அந்தச் சொத்து எப்படித் தனியாருக்கு வந்தது என்ற கதையின் முதல் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

காடு என்ற சொல்லுக்குப் பொருள் சொன்ன தீர்ப்பு, தமிழகத்திலிருந்து கிளம்பிய வழக்கில் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது சட்டத்தின் பார்வையிலும் காடே என்பது அந்த விதி. அத்தகைய காடுகளைக் கண்டறிந்து பட்டியலிடும்படி மாநிலங்களுக்கு உத்தரவிடப்பட்டது. பல மாநிலங்கள் அந்தப் பட்டியலை முழுமையாகத் தயாரிக்கவே இல்லை.

27 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தோடு சட்டத்தின் பெயரும் மாறியது. ஆங்கில மூலத்திலேயே அதன் பெயர் இப்போது 'வன் (சம்ரக்ஷண் ஏவம் சம்வர்தன்) அதினியம்'. காடுகளைக் காப்பதும் பெருக்குவதும் என்பது பொருள். சென்னையிலோ ஐஸ்வாலிலோ இருக்கும் குடிமகனுக்கு இந்தப் பெயர் புரியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெயர் புரிந்தவருக்கும் சட்டம் என்ன செய்கிறது என்பது அந்தப் பெயரிலிருந்து புரியாது. சட்டப்படி காடாக அறிவிக்கப்பட்ட நிலமும், 1980 அக்டோபர் 25-க்குப் பின் அரசுப் பதிவேட்டில் காடு எனப் பதிவான நிலமும் மட்டுமே அதன் வரம்புக்குள் வரும். அகராதிப் பொருளில் காடாக இருந்து, பதிவேட்டில் ஏறாதவை வெளியே நிற்கும். பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோ மீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள சாலை, இருப்புப்பாதை போன்ற திட்டங்களுக்கு விலக்கு உண்டு. வடகிழக்கு மாநிலங்களின் வரைபடத்தில் 100 கிலோ மீட்டர் என்பது எவ்வளவு என்று பார்த்தால், பெருக்குவது எதை என்ற ஐயம் எழாமல் இருக்காது. உயிரியல் பூங்காவும் சஃபாரியும் காட்டுக்குரிய செயல்களாகிவிட்டன. பதிவேட்டில் ஏறாததால் பாதுகாப்பை இழக்கும் காடு 1.97 லட்சம் சதுர கிலோ மீட்டர் என்று மனுதாரர்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டனர். அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்றுமாறு 2024 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

அப்படியானால் அகராதியின் பொருள் என்ன? 2025 ஆகஸ்டில் ஹரியாணா அரசு தன் விடையை அறிவிக்கையாக வெளியிட்டது. மரங்களின் விதானம் நிலத்தில் குறைந்தது 40 விழுக்காட்டை மூட வேண்டும்; தனித்த நிலமானால் 5 ஹெக்டேரும், அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டிய நிலமானால் 2 ஹெக்டேரும் பரப்பு இருக்க வேண்டும். அரவல்லியின் இயற்கைத் தாவரம் முட்புதரும் வறண்ட நிலத்துக் குறுமரங்களும். 40 விழுக்காடு விதானம் அந்தக் குன்றுகளில் பெரும்பாலும் கிடையாது என்பது ஹரியாணா வனத்துறைக்குத் தெரியாத செய்தியன்று.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் காட்டுப் பரப்பு எவ்வளவு என்று இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. காடும் மரங்களும் சேர்ந்து நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு என்று 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை பெருமையோடு சொன்னது. அந்தக் கணக்கில் ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 விழுக்காடு விதானம் இருந்தாலே போதும். நிலம் யாருடையது, அதில் நிற்பது மாந்தோப்பா தென்னந்தோப்பா என்பது பொருட்டில்லை. உலக நாடுகளுக்குக் கணக்குக் காட்டும்போது 10 விழுக்காட்டில் காடு பிறந்துவிடுகிறது. அதைக் காக்க வேண்டிய கடமை வரும்போது ஹரியாணாவில் 40 விழுக்காடு கேட்கப்படுகிறது. நிலப்பரப்பில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான காட்டை வைத்திருக்கும் ஒரு மாநிலம் இவ்வளவு கறாராக இருப்பது வியப்புக்குரியதே.

வரையறையே தேவையில்லை என்று இதனால் பொருள்கொள்ளக் கூடாது. காடு எது என்பது மங்கலாக இருப்பதால் சிறு விவசாயியும் அவதிப்படுகிறார் என்பது உண்மை. கர்நாடகத்தின் மலைநாட்டில் வீடும் வயலும் பள்ளிக்கூடமும் 'காடாகக் கருதப்படும் நிலம்' என்ற பட்டியலில் சிக்கிக்கொண்டு, பட்டாவும் இல்லாமல் கடனும் கிடைக்காமல் மக்கள் பல ஆண்டுகள் அலைந்தனர். 2022-இல் அம்மாநில அரசு அந்தப் பட்டியலை 9.94 லட்சம் ஹெக்டேரிலிருந்து 3.30 லட்சம் ஹெக்டேராகக் குறைத்தது. விடுபட்டவற்றில் விவசாயியின் வயல் எவ்வளவு, உண்மையான காடு எவ்வளவு என்பதைப் பகுத்துப் பார்ப்பதே நேர்மையான பணி. தில்லியின் கோப்புகளில் அந்தப் பணியைக் காண்பது அரிது. விவசாயியின் துன்பம் முன்னுரையில் வருகிறது. சட்டப்பிரிவுகளில் சலுகை வேறொருவருக்குப் போகிறது.

சொல்லின் வலிமையை அறிய ஃபரீதாபாதில் ஒன்றுக்கொன்று அருகிலிருந்த இரு குடியிருப்புகளின் கதையே போதும். சூரஜ்குண்டுக்கு அருகே கான்ட் என்க்ளேவ் என்ற செல்வந்தர் குடியிருப்பு எழுந்தது. அந்த நிலம் 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி 1992-லேயே அறிவிக்கை செய்யப்பட்டிருந்தது. அதைக் காடாகவே கருத வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம், 2018 செப்டம்பரில் கட்டடங்களை இடிக்க உத்தரவிட்டது. மனை வாங்கியவர்களுக்கு 18 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தரவும், வீடு கட்டியவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வழங்கவும் அதே தீர்ப்பு வழிசெய்தது. கட்டுமான நிறுவனத்தோடு அனுமதி அளித்த அரசுத் துறையும் பொறுப்பாக்கப்பட்டது. நியாயமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தில்லி எல்லையை ஒட்டியிருந்தது கோரி காவ்ம். கல்குவாரித் தொழிலாளர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் அது. குவாரிகள் மூடப்பட்ட பின் வீட்டு வேலை செய்வோரும் ஆட்டோ ஓட்டுநர்களும் தினக்கூலிகளும் குடியேறினர். நிலத் தரகர்களிடம் பணம் கொடுத்து, பவர் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்கள் வீடு கட்டினார்கள். 2021 ஜூன் 7 அன்று, கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்திராத வேளையில், வன நிலத்திலிருந்த சுமார் 10,000 வீடுகளை 6 வாரங்களுக்குள் அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலை மழையில் இயந்திரங்கள் வந்தன. மாற்று வீடு வேண்டுவோர், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதையும், ஹரியாணாவின் வாக்காளர் பட்டியல், அம்மாநிலத்தின் குடும்ப அடையாள அட்டை, அம்மாநில மின்வாரியத்தின் இணைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தம்மிடம் இருந்ததையும் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டும் காட்டு நிலம். இரண்டிலும் மக்கள் பணம் கொடுத்தே மனை வாங்கினார்கள். இரண்டிலும் விற்றவர் ஏமாற்றினார். இரண்டிலும் அதிகாரிகள் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் வாங்கியவருக்கு 'ஏமாற்றப்பட்ட முதலீட்டாளர்' என்று பெயர். மற்றோரிடத்தில் அதே செயலைச் செய்தவர் 'ஆக்கிரமிப்பாளர்'. முதல் சொல்லுக்கு 18 விழுக்காடு வட்டி கிடைத்தது. காட்டைக் காக்க வேண்டுமானால் இரு இடங்களிலும் வீடுகளை அகற்றியே தீர வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் அதை மறுப்பது கடினம். ஆனால் இழப்பீட்டைத் தீர்மானித்தது காடு அன்று. கையிலிருந்த பத்திரத்தின் வகை.

ஆக்கிரமிப்பாளர் என்ற இதே சொல்தான் நாடெங்கும் ஆதிவாசிகளின் நெற்றியிலும் ஒட்டப்பட்டுவந்தது. ஊர் முதலில் வந்ததா, காடு என்ற அறிவிக்கை முதலில் வந்ததா என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் விடை தெளிவானது. அவர்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொண்டது. அச்சட்டம் உரிமையை 'அங்கீகரிக்கும்' சட்டம். ஏற்கெனவே இருக்கும் உரிமையைப் பதிவு செய்வதே அதன் வேலை. நடைமுறையில் முதலமைச்சர்களும் அமைச்சர்களும் மேடை போட்டுப் 'பட்டா வழங்கும் விழா' நடத்துகிறார்கள். உரிமைக்காரர் பயனாளியாகக் கைகூப்பி நிற்கிறார். வழங்கப்பட்டதாகக் கருதப்படும் ஒன்றை மறுக்கவும் முடியும் அல்லவா? 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டபோது, அத்தகைய கோரிக்கைகள் 11 லட்சத்துக்கும் மேல் இருந்தன. முறையான விசாரணையின்றியே பல நிராகரிக்கப்பட்டிருந்தன. பிப்ரவரி 28 அன்று அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

காட்டை அழிப்பதற்கு அனுமதி தரும்போது பயன்படுத்தப்படும் சொல்லோ 'ஈடுசெய் காடு வளர்ப்பு'. கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றுக்காகச் சுமார் 130 சதுர கிலோ மீட்டர் மழைக்காட்டை எடுத்துக்கொள்ள 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டது. அந்தத் திட்டத்தின் பெயர் 'முழுமையான வளர்ச்சி'. உலகின் மிகப் பெரிய கடல் ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து 2021-லேயே நீக்கப்பட்டிருந்தது. தீவின் பழங்குடி மன்றம் தான் முன்னர் அளித்த இசைவை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அழியும் மழைக்காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலம், 2,000 கிலோ மீட்டருக்கும் அப்பால் உள்ள ஹரியாணா. அதற்கெனக் காட்டப்பட்ட நிலங்களில் அரவல்லி மாவட்டங்களின் நிலமும் அடங்கும். ஒரு கோப்பில் காடு என்று சொல்லத் தகுதியற்ற மலைச்சரிவு, மற்றொரு கோப்பில் நிகோபார் மழைக்காட்டுக்கு நிகராகிவிடுகிறது. ஷோம்பென் மக்களுக்கும் அந்த ஆமைகளுக்கும் ஹரியாணாவில் நடப்படும் மரக்கன்றால் என்ன பயன் என்பதற்கு எந்தக் கோப்பிலும் பத்தி ஒதுக்கப்படவில்லை.

மத்திய அரசின் நில வளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பும் இதே வகையைச் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பின்படி நாட்டின் பரப்பில் 16.96 விழுக்காடு தரிசு. புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் மணல்வெளியும் மட்டுமல்லாமல், இமயத்தின் பனி மூடிய பகுதியும் அதில் ஒரு வகை. கங்கைக்கு நீர் தரும் பனியும் வரி தராததால் வீண் நிலமாயிற்று போலும். கானமயில் வாழும் ராஜஸ்தானத்துப் புல்வெளியில் சூரிய மின் பூங்கா வரும்போது, வீணாகக் கிடந்த நிலம் பயனுக்கு வந்தது என்று மேடைகளில் பேசப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்றும் தாலுகா அலுவலகங்களில் புழங்கும் சொற்கள், வெள்ளையர் காலத்து வரிக் கணக்கின் மிச்சம். மேய்க்கால், ஏரி, வாய்க்கால், மயானம் என ஊருக்குப் பொதுவாக ஒதுக்கிய நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். அந்தச் சொல்லைத் தமிழகம் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டது. எவருக்கும் பட்டா இல்லாத நிலம், எல்லாருக்கும் உரிய நிலம் என்ற நினைவு அழிந்த பிறகுதான் அது எளிதாகத் தொழிற்பேட்டையாகவும் பேருந்து நிலையமாகவும் மாறியது.

அரவல்லிக்கு மீண்டும் அளவுகோல் வகுக்கும் பணியில் மலையடிவார ஊர்களின் கிராம சபைகளையும், பங்கு கிடைக்காத நிலமற்றோரையும் கேட்க வேண்டும் என்பது அதிகமான கோரிக்கையன்று. எந்தக் குன்று எந்த வகையில் சேர்கிறது என்ற பட்டியலை ஊர் ஊராக, சர்வே எண்ணோடு, அந்த மக்கள் படிக்கும் மொழியில் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டலாம். ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம் தரலாம். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வெளிவருமானால், அதைக் கடைசிப் பக்கம்வரை கூர்ந்து படிப்பவர்கள் குவாரிக் குத்தகைதாரர்களின் வழக்குரைஞர்களாகத்தான் இருப்பார்கள்.